மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் வண்டியை ஓட்டலாமா?

கோலாலம்பூரின் ஜாலான் கூச்சிங் சாலையில் மாலை ஆறு மணி நெரிசலில் நிற்கும்போது டேஷ்போர்டில் பெட்ரோல் விளக்கு மஞ்சளாக எரிந்தால், வீட்டுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். எண்ணெய் நிலையம் எதிர்ப்புறத்தில் இருக்கும். சுற்றித் திரும்பி வருவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாமாவோ, டாங்கியின் அடியில் கிடக்கும் கசடெல்லாம் எஞ்சினுக்குப் போய்விடும் என்று எச்சரிப்பார். மாமாவின் அச்சம் இன்றைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் அவர் சொல்லாத வேறொரு காரணத்துக்காக அவர் பேச்சைக் கேட்டு நடப்பது நல்லது.

ஒருமுறை விளக்கு எரிந்து, அன்றோ மறுநாள் காலையிலோ எண்ணெய் போட்டுவிட்டால் வண்டிக்கு எந்தக் கேடும் வராது. வாரந்தோறும் விளக்கு எரிந்த பிறகே நிலையத்தைத் தேடும் வழக்கம்தான் டாங்கிக்குள் இருக்கும் பம்பின் ஆயுளைக் குறைக்கிறது. எண்ணெய் அடியோடு தீர்ந்து வண்டி நிற்பது இவ்விரண்டிலிருந்தும் வேறான சங்கதி. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

கசடு பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது

புரோட்டோன் சாகாவும் பினாங்குப் பாலமும் ஒரே ஆண்டில், 1985-இல், மக்களின் பயன்பாட்டுக்கு வந்தன. அந்தக் காலத்துச் சாகாவில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் இருந்தது. பெட்ரோலை இழுக்கும் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு, எஞ்சின் சுழற்சியாலேயே இயங்கியது. டாங்கி இரும்புத் தகட்டால் ஆனது. இரும்பு டாங்கி வயதாக வயதாக உள்ளே துருப்பிடிக்கும். உதிர்ந்த துரு அடியில் தங்கும், வடிகட்டியை அடைக்கும், கார்புரேட்டரின் நுண்ணிய துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தகைய வண்டியை ஓட்டி, சாலையோரத்தில் கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதிச் சுத்தம் செய்த தலைமுறைதான் நமக்கு இந்த அறிவுரையைக் கையளித்தது. அவர்கள் சொன்னது அவர்கள் வண்டிக்குச் சரி.

இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் டாங்கி கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது, அது துருப்பிடிப்பதில்லை. மேலும், பெட்ரோலை உறிஞ்சும் வாய் டாங்கியின் அடியிலேயே அமைந்திருக்கிறது. டாங்கி நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும் பம்ப் உறிஞ்சுவது அடிமட்டத்துப் பெட்ரோலைத்தான். ஆகவே, கசடு ஏதேனும் இருந்தால் அது முதல் நாளிலிருந்தே அந்த வாயில் உள்ள வலைப்பையில் சிக்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் குறையும் நாளுக்காகக் காத்திருக்காது. இருபது ஆண்டுகளைத் தாண்டிய வண்டி, இரும்பு டாங்கி உள்ள பழைய பெரோடுவா கஞ்சில் கார், மாதக்கணக்கில் ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட கார் ஆகியவற்றுக்கு மட்டும் மாமாவின் எச்சரிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

வெற்றிடத்தில் காற்றின் ஈரம் படிந்து பெட்ரோலில் தண்ணீர் சேரும் என்ற அச்சமும் இதைப் போன்றதுதான். இரவில் உறைபனி விழும் நாடுகளில் அதற்குப் பொருள் உண்டு. பகலில் 33 பாகையும் இரவில் 24 பாகையுமாக இருக்கும் கோலாலம்பூரில், மூடி இறுக்கமாக உள்ள, தினமும் ஓடுகிற ஒரு காரில் அப்படிச் சேரும் நீர் பொருட்படுத்தத் தக்கதன்று.

பம்புக்கு உண்மையில் என்ன நேர்கிறது

பட்டறையில் ஃபியூவல் பம்ப் என்று சொல்லப்படும் மின்மோட்டார், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் டாங்கிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. செந்தூலில் நான் வண்டி விடும் பட்டறையின் ஃபோர்மேன் ஒருநாள் பின்னிருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த வட்ட மூடியைத் திறந்து, அந்தப் பம்பை வெளியே எடுத்துக் காட்டினார். கையடக்கமான அந்த உருளைக்குள் பெட்ரோல் ஒருபுறம் நுழைந்து, சுழலும் மோட்டாரின் ஊடாகவே பாய்ந்து, மறுபுறம் வெளியேறுகிறது. மோட்டாரின் சூட்டைத் தணிப்பதும், சுழலும் பாகங்கள் உராயாமல் வழுக்கிச் செல்ல உதவுவதும் அதே பெட்ரோல்தான். மின்மோட்டாரைப் பெட்ரோலில் முக்கி வைத்தால் தீப்பிடிக்காதா என்று நான் கேட்டேன். பலருக்கும் இந்த ஐயம் வரும். எரிவதற்குப் போதிய காற்று வேண்டும். டாங்கிக்குள் பெட்ரோல் ஆவி அடர்ந்து நிறைந்திருப்பதால் அங்கே தீ பற்ற வழியில்லை.

டாங்கியில் 30 லிட்டர் இருக்கும்போது மோட்டாரின் சூடு அத்தனை பெட்ரோலிலும் பரவிக் கரைந்துவிடும். 3 லிட்டர் மட்டுமே இருந்தால் அந்தக் கொஞ்சம் விரைவில் சூடேறிவிடும். அதோடு, வளைவுகளிலும் ஏற்றங்களிலும் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்க, பம்ப் சில கணங்களுக்குக் காற்றை உறிஞ்சும். பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் என்று கடலோரம் வளைந்து செல்லும் பினாங்குச் சாலையில், முள் அடியில் கிடக்கும்போது வண்டி ஒரு கணம் தயங்கி மீண்டும் இழுப்பதை உணர்ந்தவர்களுக்கு இது புரியும்.

இதைக் கேட்டு அஞ்சிவிடவும் வேண்டாம். கார் வடிவமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பம்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் வைத்து, டாங்கியில் எண்ணெய் குறைந்தாலும் அந்தக் கிண்ணம் மட்டும் நிறைந்திருக்கும்படி செய்திருக்கிறார்கள். எனவே விளக்கு எரிந்த உடனே பம்ப் வெற்றிடத்தில் சுழல்கிறது என்று எண்ணுவது மிகை. கிண்ணத்தையும் வற்றச் செய்யும் அளவுக்கு ஓட்டும்போதுதான் உண்மையான தேய்மானம் தொடங்குகிறது. அது ஒரு நாளில் தெரியாது. வழக்கமாகிவிட்டால், பல ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டிய பம்ப் முன்னதாகவே ஓய்ந்துவிடும். அப்போது பம்புக்கும் கூலிக்குமாகச் சில நூறு ரிங்கிட் போகும். பெரும்பாலும் இழுவண்டிச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் வண்டியின் சேமிப்பை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

விளக்கு எரிந்த பிறகு 50 கிலோமீட்டர் ஓடும் என்று ஒருவரும் 80 ஓடும் என்று இன்னொருவரும் உணவங்காடியில் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். இருவருமே தத்தம் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் வண்டியின் கணக்கை அறிவது எளிது. விளக்கு எரிந்ததும் அருகிலுள்ள நிலையத்துக்குச் சென்று, குழாய் தானாகவே முதல் முறை நிற்கும் வரை நிரப்புங்கள். கையேட்டில் உள்ள டாங்கியின் கொள்ளளவிலிருந்து, நீங்கள் ஊற்றிய லிட்டரைக் கழியுங்கள். 36 லிட்டர் டாங்கி உள்ள இன்றைய மைவியில் 31 லிட்டர் ஏறியது என்றால், விளக்கு எரிந்த நேரத்தில் ஏறத்தாழ 5 லிட்டர் மீதமிருந்தது என்று பொருள். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்து, கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணையே நம்புங்கள்.

அந்த 5 லிட்டரையும் முழுதாகச் செலவழிக்கலாம் என்று எண்ணக் கூடாது. கடைசி ஒன்றிரண்டு லிட்டரைப் பம்புக்கு உரியதாக ஒதுக்கிவிடுங்கள். எஞ்சியதை உங்கள் வண்டியின் நகர்ப்புறச் செலவைக் கொண்டு கணக்கிடுங்கள். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் அதே வண்டி, எம்ஆர்ஆர்2 வட்டச்சாலை நெரிசலில் 10 தந்தாலே பெரிது. குளிர்சாதனத்தை ஓட விட்டு, நகராமல் நின்றாலே மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் வரை எரிந்துவிடும். பிற்பகலில் கொட்டும் மழையில் சாலை ஓரிடத்தில் மூழ்கி, கோலாலம்பூர் முழுவதும் இரண்டு மணி நேரம் உறைந்து நிற்கும் நாள்கள் நமக்குப் புதியவை அல்லவே.

இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் காட்டும் எண்ணையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அது சற்று முன் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போடப்படும் கணக்கு; முன்னால் இருக்கும் சாலை எப்படிப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள், பட்டர்வொர்த் போகும் வழியில், தாப்பா ஓய்வுத் தலத்தில் நிலையத்தின் வரிசை நீண்டிருப்பதைப் பார்த்து, திரையில் 110 என்று இருக்கிறதே என்ற துணிவில் நான் அதைக் கடந்துவிட்டேன். அடுத்த நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கையில், ஓடிய தூரத்தைவிட வேகமாக அந்த எண் சரிந்தது; ஒரு கட்டத்தில் எண் மறைந்து வெறும் கோடுகள்தான் தெரிந்தன. குளிர்சாதனத்தை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, பின்னால் அம்மா விசிறிக்கொண்டே வர, அடுத்த நிலையத்தைத் தொட்டோம். அன்று ஏறிய லிட்டரைப் பார்த்தபோது, டாங்கியில் ஒரு லிட்டர்கூட மிஞ்சியிருக்கவில்லை என்று தெரிந்தது.

முப்பது வெள்ளிக்குப் போடுகிறவர்களுக்கு

விளக்கு எரியும் வரை காத்திருப்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். சம்பளம் வரும் வரை 30 வெள்ளி, 20 வெள்ளி என்று போட்டு ஓட்டும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். பாதி டாங்கிக்குக் கீழே போகவிடாதே என்று அவர்களிடம் சொன்னால், கையில் இல்லாத பணத்துக்கு அறிவுரை சொன்னது போலாகும். ஆனால் இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. மானிய விலையில் ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 2 ரிங்கிட்டை ஒட்டி இருக்கையில், 30 வெள்ளிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் வரும். முள் அடியில் இருக்கும்போது போட்டால் வண்டி 5 லிட்டருக்கும் 20 லிட்டருக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு முறை மட்டும் 30-க்குப் பதிலாக 45 வெள்ளிக்குப் போட்டுவிட்டு, அதன் பின் முள் கால்பங்கைத் தாண்டி விளக்கை நோக்கி இறங்கும் முன்பே வழக்கமான 30 வெள்ளியைப் போட்டு வந்தால், வண்டி 12-க்கும் 27-க்கும் இடையே ஓடும். மாதச் செலவு ஒரு காசுகூடக் கூடாது. அந்த 15 வெள்ளி டாங்கியில் கிடக்கும் இருப்பாகிவிடும்.

எண்ணெய் குறைவாக இருந்தால் வண்டி இலேசாகி மிச்சம் பிடிக்கும் என்பாரும் உளர். 36 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 27 கிலோ. பாதியாகக் குறைத்தால் 13 கிலோ மிச்சம். அது ஓர் அரிசி மூட்டையின் எடை. ஆயிரம் கிலோ வண்டியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

பினாங்கு செல்வோர் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளலாம். முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். இரண்டிலும் எண்ணெய் நிலையம் கிடையாது, பாதியில் திரும்பவும் முடியாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் பெருநிலத்தில் உள்ள பிறை நகரிலேயே எண்ணெய் போட்டுக்கொண்டு பாலம் ஏறுவது நல்லது.

எண்ணெய் தீர்ந்தே போய்விட்டால்

வண்டி முதலில் வேகம் பிடிக்கத் தயங்கும்; பிறகு விட்டு விட்டு இழுக்கும். இந்த அறிகுறி தெரிந்த உடனே குளிர்சாதனத்தை அணைத்து, அபாய விளக்குகளைப் போட்டு, இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்குங்கள். எஞ்சின் நின்ற பிறகு ஒதுங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். எஞ்சின் நின்றுவிட்டால், பிரேக்குக்குத் துணைபுரியும் அழுத்தம் இரண்டு மூன்று மிதிப்புக்கு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி நிறுத்துங்கள். பழைய வகை ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் அது திடீரென்று கனத்துப் போகும். வண்டி உருண்டுகொண்டிருக்கும் வரை கியரை நியூட்ரலில் வைத்துக்கொள்ளலாம். சாவியை மட்டும் அணைக்கவே கூடாது, அணைத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

இழுக்காத எஞ்சினை மீண்டும் மீண்டும் விரட்டி ஓட்டுவது வேறொரு கேட்டையும் தரும். பெட்ரோல் ஒழுங்காக வராதபோது எஞ்சினில் சில வெடிப்புகள் தவறும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். ஓரிரு முறை தடுக்கியதால் அது கெட்டுவிடாது. ஆனால் அது பம்பைவிட மிகவும் விலை கூடிய பாகம் என்பதால், தடுக்கும் வண்டியைக் கட்டாயப்படுத்தி அடுத்த சந்திப்புவரை கொண்டுபோக முயல வேண்டாம்.

பிளஸ் நெடுஞ்சாலை என்றால், எல்லாரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் செய்து, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு 1800-88-0000 என்ற எண்ணை அழையுங்கள். அவசரத் தடத்தில் காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் மிக ஆபத்தான செயல் என்பது என் கருத்து. பம்ப் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

நகருக்குள் என்றால் நண்பர் யாரேனும் எண்ணெய் கொண்டு வரக்கூடும். அதற்குரிய எரிபொருள் கலனில் கொண்டு வரச் சொல்லுங்கள். மினரல் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலைச் சுமப்பது தீயை மடியில் கட்டிக்கொள்வதற்குச் சமம். ஒரு லிட்டர் போதாது. 5 லிட்டராவது ஊற்றுங்கள். சரிவில் நிற்கும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஊற்றிய உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, அணையுங்கள். ஒவ்வொரு முறையும் பின்னிருக்கைப் பக்கமிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்ப் குழாயில் உள்ள காற்றைத் தள்ளிப் பெட்ரோலை நிரப்பும் ஓசை. இதை மூன்று நான்கு முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பொத்தான் உள்ள வண்டிகளில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இருமுறை அழுத்தினால் அதே நிலைக்கு வரும். பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் அரை நிமிடம் விட்டு மீண்டும் முயலுங்கள். பிறகு எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் நிலையம் வரை மெல்லப் போகலாம். சில நாள் ஓட்டத்தில் அதுவே அணைந்துவிடக்கூடும். விளக்கு மினுக்கினால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தமக்குச் சொன்னதாகக் கொள்ளக் கூடாது. அவர்கள் எண்ணெயைத் தீரவே விடக் கூடாது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற வண்டிகளின் உயரழுத்தப் பம்புக்கு டீசலே மசகு. காற்றுப் புகுந்து அது உலர்ந்து ஓடினால் தேய்ந்த உலோகத் துகள்கள் இன்ஜெக்டர் வரை பரவும். அந்தப் பழுதுக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் பெட்ரோல் பம்பின் விலை ஒன்றுமேயில்லை. டீசல் ஊற்றிய பிறகும் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்; பல வண்டிகளில் டீசல் வடிகட்டியின் தலையில் ஒரு கைப்பம்ப் இருக்கும், அது இறுகும் வரை அழுத்திவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நம் நாட்டு டீசலில் பாமாயிலிலிருந்து செய்த எரிபொருளும் கலந்திருப்பதால் அது நீரைச் சற்றே அதிகமாக உறிஞ்சும். டாங்கியை நிறைவாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புரோட்டோன் எக்ஸ்70 போல, எஞ்சினின் எரியறைக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளிலும் ஓர் உயரழுத்தப் பம்ப் உண்டு. அவற்றை வைத்திருப்பவர்களும் கால்பங்கு டாங்கியையே கீழ் எல்லையாகக் கொள்ளட்டும்.

நெடுநாள் விளக்கோடு விளையாடியவர்கள் மூன்று அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்: பின்னிருக்கையின் அடியிலிருந்து முன்பு இல்லாத ஊளை ஓசை, காலையில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆவது, கெந்திங் போன்ற ஏற்றத்தில் மிதித்தும் வேகம் கூடாதது. இவற்றுக்காகப் பட்டறைக்குப் போனால், பம்பை மாற்றும் முன் அழுத்தமானியைப் பொருத்தி எரிபொருள் அழுத்தத்தை அளந்து காட்டும்படியும், பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயையும் உறிஞ்சு வாயின் வலைப்பையையும் பார்க்கும்படியும் ஃபோர்மேனிடம் கேளுங்கள். சில வேளைகளில் ஒரு சின்ன ரிலேதான் பழுதாகியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு நிலையத்தில் கழுத்துவரை நிரப்புவதும் வேண்டாம். குழாய் முதல் முறை நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திணிக்கும் பெட்ரோல், ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் புகுந்து அதை நனைத்துவிடும்; நனைந்த கரிப்பெட்டி பழுதாகி, புதிதாக வாங்க வேண்டிவரலாம்.